அக்காவின் பஞ்சும் மூன்று பியானோ பாடங்களும்

என் சாப்பாட்டுப் பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தால் நீலத்தாள் சுற்றிய ஒரு பஞ்சு ரோல் இருக்கும். மருந்துக்கடையில் புண்ணுக்கு வைத்துக் கட்ட விற்பார்களே, அதுதான். பை மூன்று மாறிவிட்டது. பஞ்சு மட்டும் பைக்குப் பை குடிபோய்க்கொண்டிருக்கிறது. கொடுத்தது, முதலிபாளையம் நிட்டிங் கம்பெனியில் பக்கத்து மேசையில் நின்று துணி செக்கிங் பார்த்த அக்கா. கூடப் பிறந்தவர் இல்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த நாலைந்து வருடங்கள் நாங்கள் இருவரும் ஒரே ட்யூப் லைட்டின் கீழே துணியை இழுத்து இழுத்து ஓட்டையும் கோடும் தேடினோம்.

செக்கிங் மேசை இருந்ததும் மிஷின்கள் ஓடிய அதே ஷெட்டில்தான். பக்கத்தில் நிற்பவரிடம் பேசக்கூடக் கத்த வேண்டும். அக்கா காலையில் வந்ததும் பஞ்சைக் கிள்ளி இரண்டு காதிலும் வைத்துக்கொள்வார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டுகிற கம்பெனிக்குக் கடையில் பஞ்சு வாங்கி வந்த ஒரே ஆள் அவர்தான். எனக்குச் சிரிப்பாக வரும். “ஏனுங்கக்கா, உங்க காதென்ன தங்கத்துல செஞ்சதுங்களா?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன். “ஞாயித்துக்கிழமை இந்தக் காது எனக்கு வேணும் பிள்ள” என்றார். அவர்தான் அவர்கள் ஜெப சபையில் கீபோர்டு வாசிப்பவர். ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் போதும், மறுமுறை கையில் வந்துவிடும் என்று அவர் மகள் பெருமையாகச் சொல்வாள்.

அந்த மகளுக்கு அப்போது ஏழு வயது. அப்பா லாரி ஓட்டப் போனால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் வருவார். பிள்ளை பள்ளிவிட்டு வந்து, அம்மா ஷிப்ட் முடித்து வரும்வரை பூட்டிய லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும். இப்படியே விட முடியாது, வருடம் முடிந்ததும் ஊர்ப்பக்கம் ஒரு ஹாஸ்டலில் சேர்த்துவிடலாம் என்று பேசி முடித்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் பல்லடம் ரோட்டில் புதிதாக வந்த ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் பியானோ சொல்லித்தர ஆள் தேடுவது தெரியவந்தது. வேலை கிடைத்தால் மகளும் அங்கேயே படிக்கலாம், சாயங்காலம் இருவரும் ஒரே வண்டியில் வீடு திரும்பலாம். கிடைக்காவிட்டால் ஹாஸ்டல். பள்ளிக்கூடத்தில் ஒரு ஆரம்பப் பாடப் புத்தகத்தைக் கொடுத்து, அதில் மூன்று பாடங்களை ஒரு மாதத்தில் வாசித்துக் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

முதலாவது ஒரு நடனம், இரண்டாவது படை நடக்கிற மாதிரி ஒன்று, மூன்றாவது ஒரு தாலாட்டு. வெளிநாட்டில் எந்தக் காலத்திலோ யாரோ தன் வீட்டுப் பிள்ளைகள் பழக எழுதியவை என்றார் அக்கா. பிள்ளைகள் பாடம்தானே, இவருக்கு இதென்ன பெரிய காரியம் என்று நினைத்தேன். காரியம் பெரிதாகத்தான் இருந்தது. சபையில் பாட்டு முழுக்க வலது கையில். இடது கை சும்மா அழுத்திக்கொண்டிருந்தால் போதும், தாளத்தைக் கீபோர்டே போட்டுக்கொள்ளும். இந்தப் பாடங்களில் வலது கை ஒன்று சொல்ல, இடது கை தன் பாட்டுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். எந்த விரல் என்று ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருக்கும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நான் இடது கை எண்களை வாசிப்பேன், அக்கா மேசை விளிம்பில் தட்டுவார். ஒண்ணு ரெண்டு மூணு என்று தாளமும் நான்தான். சங்கீதம் என்றால் என்னவென்று தெரியாத எனக்கு அந்த நடனத்தின் இடது கை முழுக்க மனப்பாடம் ஆகிவிட்டது.

சாயங்காலம் சபைக் கீபோர்டில் பழகுவார். நானும் சில நாள் கூடப் போனேன். ஆன் செய்ததும் ஓரத்தில் ஒரு பட்டனை இரண்டு தடவை அழுத்துவார். சபையில் பாடுகிற ஆண்களுக்கு மேல்சுருதி எட்டுவதில்லை என்று எல்லாச் சத்தத்தையும் இரண்டு படி இறக்கிவைக்கிற பட்டன் அது. ஆறேழு வருடப் பழக்கம், கை தானாகப் போகும். தனியாகப் பழகும்போது அது தேவையில்லை என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கெங்கே தோன்றப் போகிறது.

குறித்த நாளில் பக்கம் திருப்ப என்னையும் கூட்டிப் போனார். நான் அரைநாள் லீவு போட்டேன். ஹாலில் நிஜப் பியானோ இருந்தது. தலைமையாசிரியை ஒருபுறம், கோயம்புத்தூரிலிருந்து வந்த மியூசிக் சார் ஒருபுறம். அக்கா உட்கார்ந்ததும் விரல் ஓரத்துக்குப் போய் இல்லாத பட்டனைத் தேடியது. பிறகு நடனத்தைத் தொடங்கினார். நாலாவது சத்தத்தில் நின்றுவிட்டார். மறுபடி தொடங்கி மறுபடி நின்றார். எனக்கு எல்லாம் சரியாகத்தான் கேட்டது. அக்காவுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. “எல்லாம் மேல கேக்குது பிள்ள. வேற இடத்துல அழுத்துத மாதிரி இருக்கு. காது கையப் போக விடமாட்டேங்குது” என்றார். மூன்றாம் முறையும் நின்றபோது தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு அந்தப் பிள்ளை வாசலில் உட்கார்ந்திருப்பதுதான் கண்ணில் வந்தது. மற்றபடி நான் பெரிய யோசனைக்காரி இல்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். “பஞ்ச வெச்சுக்குங்கக்கா.”

அக்கா கட்டையிலிருந்து கையை எடுத்தார். பர்ஸைத் திறந்து, பஞ்சைக் கிள்ளி இரண்டு காதிலும் அடைத்தார். நான் அவர் தோளில் அந்தந்தப் பாடத்தின் தாளத்தைத் தட்டினேன். மூன்று பாடமும் ஒரு விரல் தவறாமல் வந்தன. சத்தம் சரியாகத் தெரியாததால் தாலாட்டையும் படை நடக்கிற மாதிரியே அடித்தார். அதைக் கேட்டு எந்தப் பிள்ளையும் தூங்கியிருக்காது. மியூசிக் சார் காதில் என்ன என்று கேட்டார். அக்கா மறைக்கவில்லை, பட்டன் கதையை அப்படியே சொன்னார். சார் பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பி நிற்கச் சொல்லி, ஒவ்வொரு கட்டையாக அழுத்தி இது என்ன ஸ்வரம் என்று கேட்டார். அக்கா சொன்னதெல்லாம் தப்பு. ஆனால் எல்லாமே ஒரே அளவில் தப்பு, சரியாக இரண்டு படி. சார் சிரித்துவிட்டார். “காது சுத்தமா இருக்குதுங்க. டேப்ப ரெண்டு இஞ்ச் தள்ளிப் புடிச்சு அளந்திருக்கறீங்க, அவ்வளவுதான்” என்றார். பதினைந்து நாள் அந்தப் பியானோவிலேயே பழகச் சொல்லி வேலையும் கொடுத்துவிட்டார்கள். மகள் ஹாஸ்டலுக்குப் போகவில்லை.

கம்பெனியிலிருந்து நின்ற அன்று பிரிக்காத பஞ்சு ரோல் ஒன்றை என்னிடம் தந்து, “காதுல வையி பிள்ள, விளையாட்டில்ல” என்றார். அவருக்கு வேலை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். பொறாமையும் இருந்தது, பொய் சொல்வானேன். என்னை இந்த இரைச்சலில் விட்டுப் போகிறவர் கொடுக்கிற பஞ்சு எனக்கெதற்கு என்று ஒரு வீம்பு. அதற்குப் பிறகும் அதே ஷெட்டில் பன்னிரண்டு வருடம் நின்றேன். இப்போது வலது காது கணக்கிலேயே இல்லை. இடது காதிலும் தடித்த சத்தம்தான் விழும். குக்கர் விசில், கொலுசு, போன் மணி எல்லாம் போய்விட்டது. மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போகும் என்றார் டாக்டர்.

போன மாதம் அந்தப் பள்ளியின் ஆண்டு விழாவுக்கு அக்கா கூப்பிட்டிருந்தார். பிள்ளைகள் வாசித்து முடித்ததும் அவரே உட்கார்ந்து அந்த முதல் நடனத்தை வாசித்தார். எனக்கு இடது கை மட்டும்தான் கேட்டது. ஒண்ணு ரெண்டு மூணு என்று அதோடு கூடவே போனேன். வலது கை விரல்கள் ஓடுவதைக் கண்ணால்தான் பார்த்தேன். முடிந்ததும் இறங்கி வந்து ஏதோ கேட்டார், எப்படி இருந்தது என்றுதான் இருக்கும். உதடு அசைந்ததை வைத்து நல்லா இருந்துச்சுங்கக்கா என்றேன். அவர் மறுபடி ஏதோ கேட்டார். எனக்கு விழவில்லை. சாப்பாட்டுப் பையின் ஜிப்பைத் திறந்து பஞ்சை எடுத்து அவர் கையில் வைத்தேன். பிரிக்காத நீலத்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைத் திரும்ப என் பையிலேயே வைத்து மூடிவிட்டு, இடது காதோரம் குனிந்து, “ஒரு நாளாவது வச்சிருக்கலாமே பிள்ள” என்றார். அது மட்டும் முழுசாகக் கேட்டது.