இரண்டு தொகுதிகளுக்கு நடுவே ஆசீர்வாதம் அத்தான்

செய்தி ஐப்பசி மழையோடு வந்தது. பாளையங்கோட்டையில் அப்போதுதான் பால்காரர் வந்துவிட்டுப் போயிருந்தார். தொலைபேசியில் அக்கா அழவில்லை. "அத்தான் போயிட்டாவ, பாக்கியம். ஓடையில இடுப்பளவு தண்ணி கெடக்கு. நீ திசையன்விளை வழியா சுத்தி வந்துரு," என்றாள். சாவுச் செய்தியோடு ஓடைத் தண்ணீரின் அளவையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய ஊர் எங்கள் ஊர். நான் பையை எடுத்து வைத்தேன். மாற்றுச் சேலைக்கு, நனைந்தாலும் கனக்காத நூல் சேலையாகப் பார்த்து எடுத்தேன். அதைச் செய்யும்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆசீர்வாதம் அத்தான் என் அக்கா கமலத்தின் கணவர். திசையன்விளையில் சிறிய உரக்கடை வைத்திருந்தார். ஊரில் ஒரு கட்சியின் கிளைச் செயலாளர். வார்டு உறுப்பினர் பதவிக்குக்கூட அவர் நின்றதில்லை. மேடையில் ஏற்றினால் கால் நடுங்கும். ஆனால் வாக்குச்சாவடிக்குள் கட்சி முகவராகப் போய் உட்கார்ந்தால் மாலை வரை எழுந்திருக்க மாட்டார். கொழுந்தியாள் என்ற உரிமையில் ஆயுள் முழுக்க அவரைக் கேலி செய்தவள் நான். அவர் ஒரு தடவைகூடக் கோபித்துக்கொண்டதில்லை. "நீ சொல்லு, கேட்டுக்கிடுதேன்" என்பார். கேட்டுக்கொண்டே உர மூட்டைக்குத் தையல் போடுவார்.

எங்கள் ஊர் ஓடைக்கு மேற்கே இருக்கிறது. வேதக்கோயிலும் பள்ளிக்கூடமும் வீடுகளும் இந்தக் கரையில். கல்லறைத் தோட்டம் மட்டும் அந்தக் கரையில். இந்தக் கரை பள்ளம், மழைக்காலத்தில் குழி தோண்டினால் தண்ணீர் ஊறும் என்பதால் அந்தக் காலத்துப் பெரியவர்கள் எதிர்க்கரை மேட்டில் இடம் வாங்கினார்கள். வருஷத்தில் பெரும்பாலான நாள் ஓடையில் மணல்தான் கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் அது ஆறு. அந்த மாதங்களில் சாகாமல் இருப்பது எங்கள் ஊரில் ஒரு மரியாதை என்று நான் சிறுவயதில் கேலி பேசியிருக்கிறேன்.

அந்தக் கேலியை நான் நிறுத்தியது அக்காவின் பெண்குழந்தை காய்ச்சலில் இறந்தபோது. அதுவும் மழைக்காலம்தான். பெட்டி மிகச் சிறியது. அத்தான் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. தலையில் வைத்துக்கொண்டு தனியாகவே தண்ணீரில் இறங்கினார். நடுவில் தண்ணீர் அவர் மார்புக்கு வந்தது. கரையில் நின்ற நாங்கள் யாரும் பாட்டுப் பாடவில்லை, எங்கள் சபைப் போதகர் ஐயர் ஜெபத்தைக்கூட நிறுத்திவிட்டார். அடுத்த வருஷம் அத்தான் கட்சியில் சேர்ந்தார். கொள்கை பிடித்துச் சேர்ந்தார் என்று ஊரில் சொன்னார்கள். நான் ஒருநாள் நேராகவே கேட்டேன். "பாலம் எவன் போடுதானோ அவன்தான் நம்ம கட்சி. இவனுக போடுவானுகன்னு தோணுது," என்றார். அவ்வளவுதான் அவருடைய அரசியல்.

அப்போது நாங்கள் திருச்செந்தூர் நாடாளுமன்றத் தொகுதி. அத்தானின் அப்பா தன் முதல் ஓட்டை ஸ்ரீவைகுண்டம் தொகுதி என்ற பெயரில் போட்டதாகச் சொல்வாராம். ஊர் அசையாமல் இருந்த இடத்திலேயே இருந்தது, தொகுதிதான் ஊரைக் கடந்து போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. பிறகு மாவட்டம் பிரிந்தது. ஓடைக்கு மேற்கே திருநெல்வேலி, கிழக்கே தூத்துக்குடி என்றானது. ஆனாலும் இரண்டு கரைக்கும் எம்.பி. ஒருவரே என்பதால் அத்தான் கவலைப்படவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் ஜீப் ஓடைக்கரையில் வந்து நிற்கும். வேட்பாளர் கும்பிடுவார். அத்தான் கல்லறைத் தோட்டத்தைக் கை நீட்டிக் காட்டுவார். பாலம் உறுதி என்பார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். ஒருமுறை ஆட்கள் வந்து ஓடையில் மண் எடுத்துச் சோதித்துவிட்டுக்கூடப் போனார்கள். அத்தான் அவர்களுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்தச் சோதனையின் முடிவு வருவதற்குள் தொகுதியே இல்லாமல் போய்விட்டது.

தொகுதிகளை மறுவரையறை செய்தபோது திருச்செந்தூர்த் தொகுதியை எடுத்துவிட்டார்கள். செய்தித்தாளில் வந்ததுதான், எல்லாரும் படித்ததுதான். ஆனால் படித்தது வேறு, மண்டையில் ஏறியது வேறு. திருச்செந்தூருக்குப் பதில் தூத்துக்குடி என்று அத்தான் தன் மனதுக்குள் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். தேர்தல் வருவதற்குப் பல மாதம் முன்பே சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் கட்சியின் பெயரை எழுதி இடம் பிடித்து வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு கட்சி வெள்ளையடித்த சுவரை மற்றக் கட்சி தொடாது. அத்தான் அந்த முறை ஊரின் நல்ல சுவர்களையெல்லாம் பிடித்துவிட்டார். வேட்பாளர் பெயர் அறிவித்த மறுநாளே ஆளை வைத்து எல்லாச் சுவரிலும் பெயரைப் பெரிதாக எழுதிவிட்டார். தூத்துக்குடி வேட்பாளரின் பெயரை.

எதிர்க்கட்சியின் முகவர் பேச்சிமுத்து அண்ணாச்சிதான் அதை முதலில் பார்த்தவர். இருவரும் பல தேர்தல்களாக ஒரே வாக்குச்சாவடியில் அருகருகே உட்கார்ந்து, அக்கா கொடுத்துவிடும் புளிச்சோற்றைப் பகிர்ந்து சாப்பிடுகிறவர்கள். அண்ணாச்சி சுவரை நிதானமாகப் படித்துவிட்டு, "எழுத்து நல்லாத்தான் இருக்கு வே. ஆனா இந்த ஆளு ஓடைக்கு அங்கன நிக்கான். நமக்கு இப்பம் திருநெல்வேலி வே," என்றாராம். ஊர் சிரித்தது. கேள்விப்பட்டு நானும் வயிறு நோகச் சிரித்தேன். அத்தானும் சிரித்தபடி தானே வாளியை எடுத்துக்கொண்டு சுவர் சுவராக வெள்ளையடித்தார்.

ஓடையைப் பார்த்த கடைசிச் சுவரில் பாதியோடு நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தாராம். கை கழுவாமலே அக்காவின் முன்னால் உட்கார்ந்து, "கமலம், நம்ம பிள்ளை வேற தொகுதிக்குப் போயிட்டா," என்றார். அக்கா இதை என்னிடம் சொல்லவே பல வருஷம் ஆயிற்று.

அதன் பிறகு அவர் அலைந்த அலைச்சலை எழுத எனக்குச் சலிப்பாக இருக்கிறது. அலைந்தவருக்கு எப்படி இருந்திருக்கும். மேற்கே கேட்டால், பாலத்தின் பாதி எங்கள் எல்லையில் இல்லையே என்றார்கள். கிழக்கே கேட்டால், பயன்படுத்துகிற ஊர் எங்கள் எல்லையில் இல்லையே என்றார்கள். இரண்டும் உண்மை. இரண்டு இடத்திலும் நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம் என்றார் ஒருவர். மேற்கே இருந்தவர் சரி என்றபோது கிழக்கே இருந்தவர் பதவியில் இல்லை, கிழக்கே புதியவர் வந்தபோது மேற்கே ஆள் மாறிவிட்டது. கோபப்படுவதற்குக்கூட அத்தானுக்கு ஓர் ஆள் அகப்படவில்லை. கடைசியில் எங்கள் கரையில் மட்டும் ஒரு சிமெண்ட் சாலை வந்தது. ஓடைத் தண்ணீர் வரை வந்து அப்படியே நின்றது. "பாதி வந்துட்டு பாத்தியா," என்று என்னை அழைத்துக்கொண்டுபோய்க் காட்டினார்.  நல்ல சாலை அத்தான் என்றேன்.

பின்னொரு தேர்தலில் ஊர் கூடித் தேர்தலைப் புறக்கணிப்பது என்று முடிவெடுத்தது. இளைஞர்கள் சாலையில் கறுப்புக்கொடி கட்டினார்கள். அதிகாரிகள் வந்து பேசிப் பார்த்தார்கள், ஊர் இறங்கவில்லை. அத்தான் ஒருவர் மட்டும் முடியாது என்றார். பாலத்துக்காக முதலில் நடந்தவரே இப்படிப் பேசுகிறாரே என்று கூட்டத்தில் சத்தம். அவர் எழுந்து, "ஓட்டு கேக்கத்தாம்லே ஓடைக்கரை வரைக்கும் வாரானுவ. அதையும் விட்டுட்டா, இங்கன ஒரு ஊர் இருக்குன்னு எவனுக்குத் தெரியும்?" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். வாக்குப்பதிவு நாளில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு தனியாக நடந்து போனார். அக்காகூடப் போகவில்லை. "நீங்க போங்க. நான் இந்தத் தடவ ஊரோட இருக்கேன்," என்று சொல்லிப் புளிச்சோறு மட்டும் கட்டிக் கொடுத்தாள். அன்றைக்கு அதை அவர் தனியாகத்தான் சாப்பிட்டார். பேச்சிமுத்து அண்ணாச்சியும் வரவில்லை. அதற்குப் பிறகு வெகுகாலம் ஊர் இளைஞர்கள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைக்கு உரம் வாங்க வந்தவர்களும் வேறு கடைக்குப் போனார்கள். யார் சரி என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

சென்ற மாதம் நெஞ்சுவலி வந்து பாளையங்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மாலைநேரங்களில் நான்தான் கூட இருந்தேன். எதிர்க்கட்டிலில் இருந்தவரின் கைப்பேசியில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது, தொகுதிகளை மறுபடி வரையறுப்பது பற்றி யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தான் கொஞ்சநேரம் கேட்டார். "இந்தத் தடவ நம்மள எங்க கொண்டுபோய்ச் சேக்குதானுவளோ," என்று கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். கண்ணைத் திறக்காமலே பேசினார். "மழைக்குள்ள எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இங்கனயே பாளையங்கோட்டையில வச்சிருங்க. அந்தத் தண்ணியில ஒருத்தரையும் இறக்க வேண்டாம். அக்காட்ட நீ பையப் பைய எடுத்துச் சொல்லு."

அந்த ஓடைக்காக வாழ்நாளையே கொடுத்தவர் அதைத் தாண்ட வேண்டாம் என்று கேட்கிறார். மகள் அங்கே இருக்கிறாளே அத்தான் என்று நான் கேட்கவில்லை. சரி என்றேன். ஓரளவு குணமாகி வீட்டுக்குப் போனவர், அந்த வாரத்திலேயே போய்விட்டார்.

கொடுத்த வாக்குக்காக நான் அக்காவிடம் சொன்னேன். ஐயரும் அருகில் இருந்தார், தண்ணீர் வடியும்வரை உடலை ஆஸ்பத்திரியில் வைத்திருக்கலாம், அல்லது பாளையங்கோட்டைக் கல்லறையில் கேட்கலாம் என்று அவரும் எடுத்துச் சொன்னார். அக்கா தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "அவிய எல்லாருக்காகவும்தான் கேட்டாவ. ஒருநாள்கூடத் தனக்குன்னு கேக்கல. இதையும் நமக்காகத்தான் சொல்லியிருக்காவ. நான் கேக்க மாட்டேன், பாக்கியம். பிள்ளைட்டதான் கொண்டுபோணும்," என்றாள்.

யார் தூக்குவது என்ற கேள்வியே எழவில்லை. அன்று கறுப்புக்கொடி கட்டியவர்கள்தான் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள், இப்போது அவர்களும் நடுவயதுக்காரர்கள். பேச்சிமுத்து அண்ணாச்சி வயதையும் பார்க்காமல் தண்ணீரில் இறங்கிவிட்டார். நடு ஓடை வரும்போது எதிர்க்கரை ஊரிலிருந்து ஆட்கள் இறங்கி வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்தார்கள். அங்கே கொஞ்சநேரம், பெட்டி தண்ணீருக்கு மேலே, யார் எந்தக் கரையாள் என்று தெரியாத அத்தனை கைகளில் இருந்தது. அக்கா என் கையைப் பிடித்தபடி பின்னால் வந்தாள். மேட்டில் மகளின் குழிக்குப் பக்கத்தில் அத்தானை வைத்தோம். மண் ஈரமாக இருந்தது, ஆனால் தண்ணீர் ஊறவில்லை.

அத்தான், நீங்கள் கேட்ட எதையும் யாரும் மறுக்கவில்லை, யாரும் தரவும் இல்லை. கடைசியாக என்னிடம் நீங்கள் கேட்டதையும் எங்களால் செய்ய முடியவில்லை. மன்னியுங்கள். நீங்கள் இனி அலைய வேண்டாம், மகளோடு இருங்கள். கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மழை மறுபடி பிடித்திருந்தது. நாங்கள் எல்லாரும் ஊருக்குத் திரும்ப இன்னொரு முறை அந்தத் தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது.