கோழிகள் அடையும் ஜன்னல்

என் மனைவி இறந்த மூன்றாவது மாதம், அவளுடைய கோழிகள் கூண்டுக்குள் அடைய மறுத்தன.

பீர்க்கன்கரணை ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. பின்பக்கம் துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் நடுவே கிடக்கிற கொஞ்சம் மண்ணில்தான் அவள் நாட்டுக்கோழி வளர்த்தாள். எனக்கு அவற்றை ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. ஆபீஸ் போய்க்கொண்டிருந்த காலத்தில், காயப்போட்ட சட்டைகளின் மேல் ஏறி எச்சம் போடும். "உன் பொண்ணுங்க என் சட்டையில கையெழுத்துப் போட்டிருக்காங்க, வந்து பாரு" என்று கத்துவேன். அவள் சிரித்துக்கொண்டே மறுபடி அலசிப் போடுவாள். கூண்டு என்பது ஒரு பழைய மர அலமாரி. தட்டுகளைப் பிடுங்கிவிட்டு, உடைந்த கட்டிலின் சட்டங்களைக் குறுக்கே அடித்து, கதவுக்குக் கம்பிவலை போட்டிருந்தாள்.

அடைகிற நேரத்தில் யாருக்கு எந்த இடம் என்பதில் கோழிகள் ரொம்பக் கறார். மேல்சட்டத்தின் மூலை கிழட்டுக் கறுப்புக் கோழிக்கு. அதற்குப் பக்கத்து இடத்துக்குத்தான் தினமும் அடிதடி. கொத்து வாங்கியவை கீழ்ச்சட்டத்துக்கு இறங்கிவிடும். கால் விந்துகிற வெள்ளைக் கோழி மட்டும் சண்டையெல்லாம் ஓய்ந்த பிறகு மெதுவாக ஏறி, கறுப்பின் இறக்கையோரமாக ஒண்டிக்கொள்ளும். இருட்டுகிற வரைக்கும் என் மனைவி கூண்டு முன்னால் குந்தி உட்கார்ந்து, "தள்ளிப் படுடி, அவளுக்கும் எடம் குடு" என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். தூங்குவதற்கு முன்னால் கோழிகளும் தொண்டைக்குள்ளேயே அதே மாதிரி முணுமுணுக்கும். உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கு எது அவள் குரல், எது கோழியின் குரல் என்று பிரித்துச் சொல்லத் தெரியாது.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. பின் அறைக் கட்டிலில், ஜன்னல் பக்கம், அவள் எப்போதும் படுக்கிற இடத்திலேயே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு கோழிகளுக்குத் தீனி போட்டேன், தண்ணீர் வைத்தேன், சாயங்காலம் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம், கறுப்புக் கோழி கூண்டு வாசல் வரைக்கும் போய்க் கழுத்தை உள்ளே நீட்டியது. நீட்டிய கழுத்தை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, அந்த இருட்டையே பார்த்தபடி நின்றது. பின்னால் வந்தவையும் நின்றுவிட்டன. உள்ளே யாரோ உட்கார்ந்திருப்பது போலத்தான் இருந்தது. பிறகு துவைக்கிற கல்லில் ஏறி, அங்கிருந்து பின் அறை ஜன்னல் விளிம்புக்குத் தாவி, கம்பியோடு கம்பியாக ஒட்டி உட்கார்ந்துகொண்டன. அவள் படுத்திருந்த இடத்திலிருந்து கை நீட்டினால் தொட்டுவிடலாம்.

நாலைந்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டு அம்மா மதில் மேலாக எட்டிப் பார்த்தாள். "இன்னாண்ணா, கோழிங்கல்லாம் ஜன்னலாண்ட ஒக்காந்துகினு கீது?"

"கூண்டுக்குள்ள போக மாட்டேங்குது."

அவள் ஜன்னல் பக்கம் கை காட்டினாள். "அக்கா அந்த ஜன்னலாண்டதான படுத்துகினு இருந்தாங்கோ. அதுங்க கண்ணுக்குத் தெரியும்ணா. நமக்குத்தான் தெரியாது."

பேய் பிசாசு என்றால் கேலி பேசுகிற ஆள் நான். ஆனால் அன்று சாயங்காலம் பின் அறையில் விளக்குப் போடாமல் அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். வெளியே கோழிகள் முணுமுணுக்க ஆரம்பித்தன. சத்தியமாக அது அவள் குரல்தான். பயமாகவும் இருந்தது, எழுந்து போக மனசும் வரவில்லை.

அப்புறம் தினமும் அதே கதையாகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் போய் உட்கார்ந்து அவளிடம் பேசுவேன். மோட்டாரில் மறுபடி காற்றுப் பிடித்துவிட்டது என்பேன். எதிர் வீட்டுக்காரன் காரை நம் கேட் முன்னால் நிறுத்துகிறான் என்பேன். கோழிகள் ஏதாவது சொல்லும். சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருப்பேன்.

பொத்தேரியில் இருக்கும் மகள் போனில், "என்னப்பா, கொஞ்ச நாளா வாய்ஸ் நல்லா இருக்கு?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் பதறிவிட்டாள். "உள்ள விட்டுக் கதவைச் சாத்துங்கப்பா. ஏரிப் பக்கத்திலேர்ந்து கீரி வரும்."

"பார்க்கலாம்" என்றேன். எனக்குச் சாத்த விருப்பமில்லை.

கீரி வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் ஜன்னலுக்குக் கீழே வெள்ளை இறகுகளாகக் கிடந்தன. துவைக்கிற கல்லில் ரத்தம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. ஜன்னலைப் பார்த்து, "இங்கதானே இருந்தே? பார்த்துக்கிட்டு சும்மாவா இருந்தே?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் குழாயை மூடிவிட்டுக் கேட்டார்கள். கேட்டால் கேட்கட்டும்.

அன்று சாயங்காலம் கறுப்புக் கோழியைப் பிடித்துக்கொண்டு கூண்டுக்குப் போனேன். அது திமிறியது, கையைக் கொத்தியது. விடாமல் தோள் வரை கையை உள்ளே விட்டு மேல்சட்டத்தில் உட்காரவைக்கப் பார்த்தேன். கையெல்லாம் ஊறல் எடுத்தது. வெளியே இழுத்து வெளிச்சத்தில் பார்த்தால், முழங்கை வரைக்கும் சாம்பல் நிறத் தூசி. அந்தத் தூசி நகர்ந்தது. விரலால் நசுக்கினேன், சிவப்பாகப் பிசுபிசுத்தது. கோழிச் செல்லு. சட்டத்தைக் கழற்றித் திருப்பினால், வெடிப்புக்கு வெடிப்பு கசகசாவை அடைத்த மாதிரி இருந்தது. பகலெல்லாம் மரத்துக்குள் ஒளிந்திருந்து, இருட்டியதும் ஏறி வந்து ரத்தம் குடிக்கிற ஜந்து. கோழிகள் கூண்டுக்குள் யாரையும் பார்க்கவில்லை. உயிருக்குப் பயந்து வெளியே நின்றிருக்கின்றன.

அப்போதுதான் அமாவாசைப் புகை நினைவுக்கு வந்தது. மாதா மாதம் அமாவாசையன்று வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைத்த கையோடு, கூண்டுக்குள் காய்ந்த வேப்பிலையைப் போட்டுப் புகை மூட்டுவாள். பிறகு சட்டங்களில் வேப்பெண்ணெய் தடவுவாள். "கோழிக்குமா திருஷ்டி? உன் பொண்ணுங்க அவ்வளவு அழகா?" என்பேன். "ஆமா, உங்க கண்ணுதான் படுது" என்பாளே தவிர, செல்லுக்காக என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அவள் போன பிறகு என் அக்கா வந்து, "வருஷம் திரும்பற வரைக்கும் இந்த வீட்ல பண்டிகை கிடையாது, திருஷ்டி கழிக்கிறது கிடையாது" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். வாழ்நாளில் ஒரு சம்பிரதாயத்தையும் மதிக்காத நான், மனைவிக்காக இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று இருந்தேன். பூசணிக்காய் கட்டும் உறியோடு வேப்பெண்ணெய் பாட்டிலையும் பரணில் தூக்கிப் போட்டுவிட்டேன்.

மறுநாள் பாட்டிலை இறக்கினேன். மூடியில் சுற்றியிருந்த அவளுடைய பழைய புடவைத் துணி எண்ணெயில் விறைத்துப் போயிருந்தது. அந்தத் துணியாலேயே தடவினேன். புகை போட்டு, சாம்பல் தூவி, மூன்று நாள் விடாமல் செய்தேன். நாலாம் நாள் சாயங்காலம் கறுப்புக் கோழி கழுத்தை நீட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஏறிவிட்டது. மற்றவையும் ஏறின. வெள்ளை ஒண்டிப் படுத்த இடத்துக்கு அப்போதே சண்டை வந்து, அப்போதே இன்னொன்று அதில் உட்கார்ந்தும் விட்டது.

கதவைச் சாத்திவிட்டுப் பின் அறைக்கு வந்தேன். கட்டிலில் அவள் இடத்தில் உட்கார்ந்தேன். ஜன்னலில் கம்பிதான் இருந்தது. "மோட்டார் சரியாயிடுச்சு" என்றேன். தூரத்தில் ரயில் போகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. அவளை எடுத்துக்கொண்டு போன அன்று அழாத நான் அன்றைக்கு வாய்விட்டு அழுதேன்.

அந்த ஜன்னல் மேற்குச் சுவரில் இருப்பதால் வெயில் சூட்டுக்குத்தான் கோழிகள் அங்கே போயிருக்கும் என்கிறாள் மகள். இருக்கலாம். மாடிப்படியும் மேற்குப் பக்கம்தான், அதில் ஒரு கோழியும் போய் அடையவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

இன்று அமாவாசை. வேப்பிலையைக் கூண்டுக்குள் குவித்து வைத்துவிட்டேன். இரண்டு மூன்று அமாவாசை புகை போடாமல் விட்டால் போதும், கோழிகள் மறுபடி ஜன்னலுக்கு வந்துவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். காலையிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். தீப்பெட்டியோடு பின் அறைக்குப் போய், ஜன்னல் பக்கம் நின்று, "போடட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தேன். பிறகு போய்ப் பற்றவைத்தேன்.