நாற்பது கேள்விகளும் ஒரு கடல்சாமந்தியும்

மீன் தொட்டிக்கு விளக்குப் போடுவது மீன் நம் கண்ணுக்குத் தெரிவதற்காக என்று ஒரு நம்பிக்கை இந்த மும்பை நகரத்தில் நிலவுகிறது. அதைத் திருத்தும் பொறுப்பை வேறு யாரும் ஏற்காததால் நான் ஏற்றிருக்கிறேன். கடல்நீர்த் தொட்டியில் விளக்கு என்பது சாப்பாடு. கடல்சாமந்தி என்று ஒன்று உண்டு. பெயரைப் பார்த்துப் பூ என்று எண்ண வேண்டாம். வாயும் வயிறும் உள்ள விலங்கு. அதன் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறது. வெளிச்சத்தில் அந்தப் பாசி சமைத்துப் போடுவதைத்தான் சாமந்தி பெரும்பாலும் தின்கிறது. விளக்கை அணைத்தால் அடுப்பை அணைத்த மாதிரி.

செம்பூரில் ஒரு வளர்ப்பு மீன் கடையில் கடல்நீர்ப் பிரிவு என் பொறுப்பு. அங்கே முக்கால்வாசி முதுகெலும்பில்லாத உயிர்கள்: நத்தை, துறவி நண்டு, இறால், சாமந்தி, மாதச் சம்பளத்துக்கு நிற்கும் நான். வாசல் பக்கத்துப் பெரிய தொட்டியில் ஐந்து வருடமாக ஒரு சாமந்தி இருந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், ஊதா நுனி. அதன் கைகளுக்குள் இரண்டு கோமாளி மீன்கள் ஜோடியாகத் தூங்கும். அரைகுறைத் தொட்டிக்கு அதைக் கொடுப்பதில்லை என்று தீர்மானித்திருந்தேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று கால் வீங்கியவர்களுக்குத் தெரியும், விற்காமல் இருப்பதற்குத்தான் அதிகம் பேச வேண்டும்.

ஸீலிங்குக்குப் பொருத்தம்

திலக் நகரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். ஹாலுக்குப் புதிதாக ஃபால்ஸ் ஸீலிங் போட்டிருந்தார். அதே இளமஞ்சள் நிறத்தில் தொட்டிக்கும் விளக்கு வேண்டும், சாமந்தியும் வேண்டும். அந்த மஞ்சளில் கண்ணாடியில் பாசி படருமே தவிர சாமந்தி பிழைக்காது என்றேன். நீலமும் வெள்ளையும் கலந்த பலமான விளக்கு, தினமும் எட்டு மணி நேரம், விருந்தாளி வந்தாலும் வராவிட்டாலும். அதற்கு மனமில்லையென்றால் நத்தையும் துறவி நண்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அவை எந்த வெளிச்சத்திலும் பாசியை மேய்ந்து காலம் தள்ளிவிடும் என்றேன்.

பிறகு, ஆழம் போகப் போகக் கடலில் எந்த நிறம் முதலில் மறைகிறது என்று தொடங்கினேன். அவருடைய பைக் சாவி கவுண்டரில் என் பக்கமாக இருந்ததால் அவரால் கிளம்ப முடியவில்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் மூன்றும் மறைந்த பிறகு சாவியைத் தள்ளிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு கேட்டார்: "அச்சா, இதே மாதிரி பிளாஸ்டிக்ல இருக்கா பாஸ்? அதுக்கு டென்ஷன் இல்லைல?"

நெருளில் ஓர் அடக்கம்

புதியவர்களுக்கு நான் பயமில்லாமல் கொடுப்பது சிவப்புக் கோடு போட்ட இறால். வளர வளரச் சட்டையைக் கழற்றிப் போடும். கழற்றிய சட்டை மீசையோடு, காலோடு, முழு இறாலைப் போலவே கிடக்கும். இதை நெருளிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு இரண்டு முறை சொன்னேன். அவர் அப்போது போனில் ஆட்டோக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் கடைக்கு வந்து, செத்த இறாலை விற்றதாக நாலு பேர் முன்னால் என்மேல் குற்றம் சொன்னார். அன்று அவர் வீட்டில் கோலம்கூடப் போடவில்லையாம். பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். மகளுக்குப் போன் போட்டார். இறால் நடந்து வந்து டார்ச்சையே பார்த்ததாம். அம்மாள் போனைப் பைக்குள் வைத்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நான் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் கேட்டது: "அப்ப நான் துளசித் தொட்டியில புதைச்சது யாரை?"

பொங்கல் கெடு

எங்கள் முதலாளி செல்வராஜ் அண்ணாச்சி. வீடு தாராவியில், பேச்சு இன்னும் திருநெல்வேலியில். ஒரு நாள் வாசல் தொட்டிமுன் நின்று, பொங்கலுக்கு முன்பு அதைக் காலி செய்யச் சொன்னார். தலை புடைத்த அதிர்ஷ்ட மீன் விடப் போகிறாராம். போகிறவன் வருகிறவன் எல்லாம் நிற்பானாம். "சாமந்திய நீரா ஒரு நல்ல எடத்துல குடுத்தா சரி. இல்லன்னா மொதல்ல கேக்கவனுக்கு நான் தூக்கிக் குடுத்துருவேன், பாத்துக்கிடும்" என்றார்.

மொதல்ல கேட்கிறவன் யார் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் விளக்குக்காரன். அன்றே நாற்பது கேள்விகள் எழுதினேன். விளக்கு என்ன வாட், எத்தனை மணி நேரம், வெயில் நேரே விழுமா, உப்பு எப்படி அளக்கிறீர்கள், மின்சாரம் போனால் காற்றுக்கு என்ன வழி, மீன் வியாதிக்கு ஊற்றும் செம்பு மருந்து வீட்டில் இருக்கிறதா. கடைசியாகச் சொன்னது முக்கியம்: அது மீனுக்கு மருந்து, முதுகெலும்பில்லாதவற்றுக்கு விஷம். சாமந்தி கேட்டு வந்தவர்களில் ஆறு பேர் பாதியில் எழுந்து போனார்கள். அண்ணாச்சி பட்டியலைத் தூரப் பிடித்துப் படித்துவிட்டுச் சொன்னார்: "இதுல பாதிய பொண்ணு பாக்கையில கேட்டிருந்தா எனக்குக் கல்யாணமே ஆயிருக்காதுவே."

மாதுங்கா மாணவர்

நாற்பதுக்கும் பதில் சொன்னவர் ஒருவர். மாதுங்காவில் இருக்கும் வைத்தியநாதன் சார், பாலக்காட்டுக் குடும்பம், ஆபீஸில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். நான் சொன்ன விளக்கை, சொன்ன உயரத்தில் தொங்கவிட்டு, எட்டு மாதம் வெறும் நத்தையையும் இறாலையும் வளர்த்திருந்தார். காலையும் மாலையும் உப்பு, சூடு இரண்டும் நோட்டில் ஏறியிருந்தன. செம்பு மருந்து கூடாது என்ற வரிக்கடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். குறை சொல்ல ஆசைப்பட்டுத் தேடியும் கிடைக்கவில்லை. ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு என்ன ஊற்றுகிறீர்கள் என்றேன். ஃபில்டர் தண்ணீர் மட்டும்தான் என்றார். முழு மதிப்பெண். மாமி குடிக்கத் தண்ணீர் கொடுத்தார், பளபளவென்று தேய்த்த செம்பு டம்ளரில். ருசியாக இருந்தது, இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன். பொங்கலுக்கு நாலு நாள் முன்பு சாமந்தியையும் கோமாளி மீன்களையும் நானே டாக்ஸியில் மடியில் வைத்துக் கொண்டு போய் விட்டேன். வாசல்வரை வந்து அவர் சொன்னார்: "கவலையே படாதீங்கோ சார், ஆத்துப் பொண்ணு மாதிரி பாத்துக்கறோம்."

இரண்டு டம்ளர்

முதல் மாதம் நன்றாக விரிந்தது. பிறகு நத்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. இறால் செத்தது, இது சட்டை அல்ல. சாமந்தி சுருங்கி, வாய் பிளந்து, பாறையை விட்டுவிட்டது. போனில் அவர் நோட்டைப் படித்தார். எல்லா எண்களும் சரி. விளக்கைச் சந்தேகப்பட்டு வேறு மாற்றச் சொன்னேன், அதையும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். என் கண்முன்னால் அவர் சமையலறைக்குப் போய், ஒரு பெரிய செம்புக் குடத்திலிருந்து சொம்பில் மொண்டுவந்து, தொட்டியில் குறைந்த அளவுக்கு ஊற்றினார். சாமந்தி வந்த நாளிலிருந்து தினமும் அப்படித்தான்; அதுவரை பிளாஸ்டிக் வாளியிலிருந்து ஊற்றினார்களாம். ஃபில்டர் தண்ணீரை முதல் நாளே பிடித்துக் குடத்தில் ஊற வைப்பார்களாம். இராத்திரி முழுதும் ஊறிய செம்பு, சொட்டுச் சொட்டாக, இரண்டு மாதம். அன்று எந்தத் தண்ணீர் என்று கேட்டேன். எந்தப் பாத்திரம் என்று கேட்கவில்லை. குடத்துச் செம்புதான் விஷம் என்று சொன்னேன். அவர் சொம்பைக் கீழே வைக்காமலே நின்றார். சாமந்தி அப்போதே கரைய ஆரம்பித்திருந்தது. "ஆத்துப் பொண்ணுக்குப் பிளாஸ்டிக் வாளித் தண்ணிய ஊத்த மனசு வரலை" என்றார் மாமி உள்ளேயிருந்து. சார் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார்: "நாங்க குடிக்கற தண்ணிதான் சார். நீங்களும் ரெண்டு டம்ளர் குடிச்சேளே."

இப்போது என் பட்டியலில் நாற்பத்தொரு கேள்விகள் உண்டு; கேட்டுக் கொடுப்பதற்குச் சாமந்திதான் இல்லை.

வைத்தியநாதன் சார் நேற்று ஒரு படம் அனுப்பியிருந்தார். கோமாளி மீன்கள் இரண்டும் பம்பின் மேல் சாய்ந்து தூங்குகின்றன.