பிறந்த ஊர்க் கோடி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்தின் பெயரிலேயே யாழ்ப்பாணத்துக் கரையிலும் ஓர் ஊர் உண்டு என்பது, அவள் மீன் எடுக்க வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். சண்டைக் காலத்தில் சின்னப் பிள்ளையாகப் படகேறி வந்தவள். முகாமில் வளர்ந்து, கருங்குழியில் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு, எங்கள் கரையில் மீன் எடுத்து அங்கே கொண்டுபோய் விற்றாள். அவளுடைய ஆட்கள் யாரும் உயிரோடு இல்லை. பெயர் ஒன்று என்ற ஒரே காரணத்துக்காக எங்கள் ஊரையே தாய்வீடு ஆக்கிக்கொண்டாள். என்னை அண்ணை என்பாள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. ஓசியில் வந்த பெருமை.

போன வருஷம் வயிற்றில் கட்டி என்று படுத்துவிட்டாள். பார்க்கப் போனேன். அழவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கோடிச்சீலை நீங்கதான் கொண்டு வரவேணும் அண்ணை. பிறந்த ஊர்க் கோடி இல்லாமல் எடுத்தால் அநாதைப் பிணம் எண்டு சொல்லிப் போடுவினம்."

அதற்கென்ன, நான் இருக்கிறேன் என்று பெரிய மனுஷனாட்டம் சொல்லிவிட்டு வந்தேன்.

ஒரு காலையில் அவள் புருஷன் போன் செய்தான். முடிந்துவிட்டது என்றான். அவள் மேல் போர்த்தக் கோடியாக அவசரமாகச் சிவப்பில் ஒரு புடவை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றபோது பங்காளிகள் பிடித்துக்கொண்டார்கள். கோடி போட்டால் அவள் நம் வீட்டுப் பெண் என்றாகிவிடும், கருமாதி வரைக்கும் நாம்தான் நிற்கவேண்டும் என்றார்கள். என் சித்தப்பா மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அவ இன்னா சாதின்னு தெரியுமாடா? நாளைக்கு உன் பொண்ண எவன் கட்டுவான்?"

எத்தனையோ நாள் அவள் கையால் டீ வாங்கிக் குடித்தவன் நான். வாங்கிய புடவையோடு வீட்டுக்குத் திரும்பினேன். போனை அணைக்கவும் இல்லை, எடுக்கவும் இல்லை. வெட்கங்கெட்டவன், அது அடிப்பதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன்.

மூன்று மணிக்கு மேல்தான் எடுத்தேன்.

"எங்க மச்சான் வந்துகினு கீறீங்க?" என்றான் அவள் புருஷன். "மூஞ்சி ஊதிகினு வருது. நீங்க வராம எடுக்கக் கூடாதுன்னு எல்லாரையும் நிறுத்தி வச்சிகினு கீறேன்."

காத்திருக்க வேண்டாம், எடுத்துவிடு என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அப்படியானால் கோடி யார் போடுவது என்று கேட்டான்.

"அவ ஊரு வேற தம்பி," என்றேன். "பேருதான் ஒண்ணு."