முதலில் பிடிக்காது

எங்களிடம் இருந்தது ஒரே கார். அதற்கு எசமானர்கள் இரண்டு பேர். வார நாட்களில் அது என்னுடையது. பன்விலவுக்கு மேலே மலையில் இருக்கும் வீட்டிலிருந்து கீழே டவுன் பாடசாலைக்கு அதில்தான் போவேன். எப்போதாவது ஒரு ஞாயிறு அது இவருடையது. இவர் என்றால் என் வீட்டுக்காரர். கடற்கரைப் பக்கம் ஒரு ஓட்டத்திடல் இருந்தது. சொந்தக் காரைக் கொண்டுபோய், ஹெல்மெட் போட்டுக்கொண்டு, பொலிஸ் பயமில்லாமல் ஆசை தீர ஓட்டலாம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. பெற்றோல் எரியும், டயர் தேயும், மனுசன் ஒரு கிழமைக்குச் சிரித்த முகமாக இருப்பார். அந்தச் சிரிப்புக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் தெரியும்.

ஒரு முறை நானும் கூடப் போனேன். சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு வேலியோரம் உட்கார்ந்திருந்தேன். முதல் சில சுற்றுகள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. பிறகு ஒரு திருப்பத்தில் எங்கள் கார் திரும்பவே இல்லை. நேரே புல்லுக்குள் போய், புழுதியைக் கிளப்பிக்கொண்டு டயர் அடுக்குக்குப் பக்கத்தில் நின்றது. நான் செருப்பை விட்டுவிட்டு ஓடினேன். சில்லுகளிலிருந்து கருகிய நாற்றம் வந்தது.

"ஒண்ணுமில்ல, பயப்படாத. பிரேக் பேட் ரொம்பச் சூடாகிருச்சு. எவ்வளவு மிதிச்சும் வேகம் கொறயல" என்றார். ஹெல்மெட்டைக் கழற்றாமலே காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பார்சலை அன்று யாரும் பிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை கண்டியில் ஒரு மோட்டார் பாட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்கார முஸ்லிம் அண்ணனை நானா என்போம், இவருக்குப் பழக்கம். கவுண்டரில் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்று வழக்கமாகப் போடும் ரோட்டுப் பேட். மற்றது ஓட்டத்திடலுக்கென்றே செய்தது. எவ்வளவு சூடானாலும் கைவிடாதாம். இவர் அந்தப் பெட்டியைத் தொட்டுத் தொட்டு வைத்த விதத்தைப் பார்த்தால், பெண் பார்க்க வந்த அன்றுகூட என்னை அப்படிப் பார்க்கவில்லை என்று தோன்றியது. ஆனால் என் கண்ணுக்குள் அந்தப் புழுதிதான் நின்றது. எனக்கும் அதுதான் வேண்டும் என்றேன்.

நானா என்னைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். "இது ஒங்களுக்கு மொதல்ல புடிக்காது டீச்சர். பொறகு நல்லாப் புடிக்கும்."

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று இந்த நானா என்ன சொல்வது? பொம்பிளை என்றால் பெட்டியின் நிறத்தைப் பார்த்துச் சாமான் வாங்குவாள் என்று நினைத்தாரா?

"எனக்கு இப்பவே புடிக்குது நானா. போடுங்க" என்றேன்.

இவர் புதுப் பெட்டியின் மயக்கத்தில் ஒன்றையும் காதில் வாங்கவில்லை. அன்றே காரில் பூட்டியாயிற்று.

திங்கட்கிழமை காலை ஒரே பனிமூட்டம். எங்கள் வீட்டிலிருந்து இறங்கினால் முதல் வளைவில் கண்ணாடிக் கூட்டுக்குள் அந்தோனியார் சொரூபம் இருக்கிறது. எந்த மதத்துக்காரரும் அங்கே வேகத்தைக் குறைப்பார்கள். நாங்கள் சிலுவை அடையாளம் போடுவோம். நான் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் போல நின்றது, கார் நிற்கவில்லை. மறுபடி மிதித்தேன். அந்தோனியார் வந்தார், போனார். சிலுவை போட வேண்டிய கை ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டிருந்தது. கீழே தேயிலைக் கொழுந்து லொறி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்கைத் திருப்பி மண்மேட்டில் கொண்டுபோய் முட்டினேன். லைட் ஒன்று நொறுங்கியது.

மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். "ஐயையோ டீச்சர், என்னா ஆச்சு? அந்தோனியாருதான் காப்பாத்துனாரு!"

அந்தோனியாருக்கு அங்கேயே நன்றி சொன்னேன். இவருக்குச் சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

அன்று மாலை இவரையும் இழுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சண்டைக்கு நின்றேன். நானா தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் அன்டைக்கே சொன்னேனே டீச்சர், ஒங்களுக்கு மொதல்ல புடிக்காதுன்டு! இது குளிர்ல புடிக்காது. சூடேறினாத்தான் புடிக்கும். திடல்ல ஓடுறவருக்கு அது சரி. வீட்லேந்து எறங்கின ஒடனே ஒங்களுக்கு எங்க சூடேறுறது?"

நான் படிப்பிப்பது தமிழ். எழுவாய் எது, வேற்றுமை எது என்று பிள்ளைகளின் உயிரை எடுப்பவள். அவர் சொன்ன வாக்கியத்தில் பிடிக்காமல் போவது பேட்; நான் அதை என் விருப்பு வெறுப்பாக என் தலையில் போட்டுக்கொண்டேன். சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதும் விட்டேன், கடை என்றும் பாராமல்.

ரோட்டுப் பேட் போட்டால் திடலில் இவருக்கு ஆபத்து. ஓட்டப் பேட் போட்டால் காலையில் எனக்கு ஆபத்து. திரும்பி வரும் வழியில் இவர், "நா ஓட்டத்த விட்டுர்றேன்" என்றார். சொன்ன குரலில் கோபமில்லை, வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஒண்ணும் விட வேணாம். ரெண்டையும் வச்சுக்குவோம். கழட்டிப் பூட்டப் பழகிக்கங்க."

பழகிக்கொண்டார். திடலுக்குப் போவதற்கு முதல் நாள் பின்னேரம் வாசலில் சில்லு கழலும். நான் கதிரையைப் போட்டுக்கொண்டு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பேன், பிளேன்டீ ஊற்றுவேன், வேலை சரியில்லை என்று குறை சொல்லுவேன். அந்தப் பின்னேரங்களைப் போல இன்பமான நேரம் என் கல்யாண வாழ்க்கையில் குறைவு. ஞாயிறு திரும்பி வந்ததும் ரோட்டுப் பேட்டைப் பூட்டி, தானே அந்தோனியார் வரைக்கும் இறங்கி ஏறிப் பார்ப்பார். அப்படியும் மனம் ஆறாது. தினமும் நான் புறப்படும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு, "புடிக்குதா?" என்று கத்துவார். நான் மிதித்துப் பார்த்து, "புடிக்குது!" என்று கத்துவேன். பக்கத்து வீட்டில் சிரிப்பார்கள்.

பிறகு பெற்றோலுக்கு வரிசையில் கிடந்த காலம் வந்தது. திடலை மறந்தோம். சம்பளம் அரிசிக்கும் போதவில்லை. இவர் கட்டாருக்குப் போனார், ஒரு கம்பனியில் வண்டி ஓட்ட. "இங்க ரோட்டுல வளைவே இல்ல. பிரேக்குக்கு வேலையும் இல்ல" என்று முதல் கிழமை சொன்னார். ஓட்டப் பேட் பிஸ்கட் டின்னுக்குள் அலுமாரிக்கு மேலே இருக்கிறது. தூசி தட்டும்போது திறந்து பார்ப்பேன். இன்னும் கருகிய வாசனைதான்.

போன வாரம் பிரேக் கிறீச்சிட்டது. தனியாகக் கடைக்குப் போனேன். நானா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எது வேணும் டீச்சர், மொதல்ல புடிக்கிறதா, பொறகு புடிக்கிறதா?" என்று கேட்டார். முதலில் பிடிப்பதையே வாங்கினேன்.

மறுநாள் காலை காரில் ஏறும்போது வழக்கம்போல இவருடைய போன் கோல் வந்தது. கேட்டைப் பிடிக்க ஆளில்லாவிட்டாலும் கேள்வி மட்டும் தவறுவதில்லை.

"புடிக்குதா?"

ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் கிளம்புவதுதான் வழக்கம். அன்று என்னவோ வாய் சும்மா இருக்கவில்லை.

"பிரேக்கையா கேக்குறீங்க?"

அந்தப் பக்கம் வண்டிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.  

"பிரேக்கையுந்தான்" என்றார்.

"புடிக்குது" என்றேன். "சுருக்கா வாங்க."