இரண்டு முழக் கேபிள்

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டிலிருந்த இரண்டு கணினிகளுக்கும் ஒன்றையொன்று தெரியவில்லை. ஒன்று கீழே முன்னறையில் மேசைமேல் இருந்தது. மற்றது மேலே, பலகை போட்ட மாடித்தட்டில், என் மடியில் இருந்தது. இடையில் பதினொரு மரப்படிகள். நாலு மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து எனக்கு வீடியோ அழைப்பு வரும். அதற்குள் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாவிட்டால் எனக்கு வேலையில்லை.

மாடிவீடுகளுக்கும் சின்னச் சின்ன அலுவலகங்களுக்கும் போய் இணைய இணைப்புகளைத் திருத்திக் கொடுக்கும் ஒரு நிறுவனம் அது. முதல் நேர்முகத்தேர்வு முடிந்து, இரண்டாவதற்கு ஒரு செய்முறை அனுப்பியிருந்தார்கள். உங்கள் வீட்டில் இரண்டு கணினிகளை இணையுங்கள். ஒன்றிலுள்ள ஃபோல்டரை மற்றதிலிருந்து திறந்து, அதற்குள் ஒரு கோப்பைப் போடுங்கள். எங்களுக்குக் காட்டுங்கள். வாசித்ததும் சிரித்துவிட்டேன். பத்து நிமிட வேலை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவர். அப்பா கொட்டாஞ்சேனையில் இருந்துகொண்டு முப்பது வருடம் துறைமுகக் களஞ்சியங்களில் பொதி ஏற்றி இறக்கியவர். அவருக்கு எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும். அந்த இரண்டு பேரின் மகள் கணினித் துறையில் பட்டம் எடுத்தவள். இதை அடக்கமாகச் சொல்ல நான் பழகவில்லை. பழகும் எண்ணமும் இல்லை.

கீழேயிருந்த கணினி, எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த வருடம் அப்பா வாங்கிவந்த பழைய கணினி. ஓட்டோவில் மடிமேல் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்து இறங்கினார், பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிறவர் மாதிரி. அது கேபிளால் ரவுட்டரோடு பூட்டியிருந்தது. ரவுட்டர் சுவரில் அந்தோனியார் சுரூபத்துக்குப் பக்கத்துத் தட்டில் இருந்தது. பூட்ட வந்தவருக்கு அந்த இடத்தில்தான் ஆணி அகப்பட்டது.

வைஃபையில் ஓடும் என்னுடைய லெப்டொப்பை நான் வேண்டுமென்றே மேலே வைத்திருந்தேன். கீழே இருந்து கதைத்தால் பின்னால் எல்லாம் தெரியும். கொடியில் காயும், அப்பா உடுக்கும் சாரம், சுவரோடு அடுக்கிய பானைகள், சுரூபத்தின் தலைக்குமேல் விட்டுவிட்டு எரியும் சிவப்பு பல்ப். மேலே ஒரு வெள்ளைப் பெட்சீட்டைக் கயிற்றில் கட்டியிருந்தேன். அவர்கள் என்னையும் வெள்ளையையும் மட்டும் பார்க்கட்டும்.

ஒரு மணிக்குத் தொடங்கினேன். இரண்டு கணினிகளிலும் இணையம் நன்றாக ஓடியது. ஆனால் வலையமைப்பில் வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், மேலேயுள்ளது தன் பெயரை மட்டும் காட்டியது. கீழேயுள்ளது தன் பெயரை மட்டும் காட்டியது. ஒழுங்கைக்குள் வீடுகளுக்கு இலக்கம் இருப்பதுபோல, ரவுட்டர் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் இலக்கம் கொடுக்கும். அதைப் பார்த்தேன். இரண்டும் ஒரே வரிசையில்தான் இருந்தன. ஒன்று ஐந்தாம் இலக்கம், மற்றது ஒன்பதாம் இலக்கம். ஒரே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளி. இருக்கிறாயா என்று கேட்கும் ஒரு கட்டளையால் மேல் கணினியிலிருந்து கீழ்க் கணினியைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் இல்லை. நாலு தரம் கூப்பிட்டேன். நாலு தரமும் இல்லை.

கணினியின் காவல் மென்பொருளை நிறுத்தினேன். பகிர்வைத் திறந்துவிட்டேன். இது பொது இடமில்லை, சொந்த வீடு என்று இரண்டுக்கும் சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொன்றுக்கும் ஒருதரம் கீழே, ஒருதரம் மேலே.

"மகள், படி தேஞ்சு போகும்" என்றார் அம்மா, தேங்காய் துருவிக்கொண்டே.

"இந்தா முடிஞ்சுது அம்மா."

"நாலு வருசம் படிச்சிட்டு ஏறி இறங்குறதைத்தான் நல்லாச் செய்யுற."

இரண்டரை மணி வெயில் ஓட்டு இடுக்கால் இறங்கி பெட்சீட்டில் ஒரு நீளக் கோடாக விழுந்திருந்தது. அதற்குள் தூசு மிதந்தது. துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. கொஞ்சம் பொறுத்து வேறொன்று, தூரத்திலிருந்து, மெல்லியதாக. சின்ன வயதில் இதே பலகையில் படுத்துக்கொண்டு, முதல் கப்பல் கேட்கிறது, இரண்டாவது பதில் சொல்கிறது என்று நினைப்பேன். என்ன கேட்டிருக்கும் என்று யோசித்துக்கொண்டே நித்திரையாகிவிடுவேன். சில நேரம் இரண்டாவது ஊதாது. அன்றைக்கு நித்திரை வராது.

அன்று மத்தியானம் இரண்டாவதும் ஊதிவிட்டதல்லவா. லெப்டொப்பை மடியில் வைத்தபடியே கண் சொருகியது. நான் அனுப்பிய கூப்பிடுகை ஒரு சின்ன எறும்பாகப் புறப்பட்டுப் போவதைக் கண்டேன். படிகளில் அது இறங்கவில்லை. சுவரோரமாக ஊர்ந்து, வெளிச்சக் கோட்டைத் தாண்டி, பெட்சீட்டின் பின்னால் போய் மறைந்தது. பக்கத்து வீட்டுத் தையல் மெஷினின் சத்தம் சுவருக்குள்ளால் வந்துகொண்டிருந்தது. ஓடும், நிற்கும், ஓடும். விழித்தபோது மூன்று இருபது. கழுத்தெல்லாம் வியர்வை.

இனி ரவுட்டரை அணைத்து மறுபடி போடுவதைத் தவிர வேறு வழியில்லை. அது படிக்காதவர்களும் செய்வது என்பதால்தான் அதுவரை செய்யாமல் இருந்தேன். கீழே போய் ரவுட்டரின் சுவிட்சை நிறுத்தினேன். ரவுட்டரின் பச்சை வெளிச்சங்கள் ஒவ்வொன்றாகப் போயின. கீழ்க் கணினியில் இணைப்பு இல்லை என்று வந்தது. ஒரு நிமிடம் விடவேண்டும். அந்த நேரத்தில் மேலே ஏறினேன்.

மேலே, லெப்டொப்பில் நான் திறந்து வைத்திருந்த வீடியோப் பாடம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி போட்ட ஒருவர் வெள்ளைப் பலகையில் கோடு கீறியபடி விளக்கிக்கொண்டிருந்தார். வேறொரு பக்கத்தைத் திறந்தேன். திறந்தது. இன்னொன்று. அதுவும் திறந்தது. வீட்டில் ரவுட்டர் அணைந்து கிடக்கிறது. மேலே இணையம் ஓடுகிறது. திரியில்லாத விளக்கு எரிவதைப் பார்ப்பதுபோல இருந்தது. 

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடியது, நின்றது.

நான் படிகளில் இறங்கி, வெளியே போய், பக்கத்து வீட்டுப் படியில் ஏறினேன். அங்கே இருக்கிற அன்ரி சிங்களவர். ஆனால் நான் பிறக்க முன்னமே இந்த ஒழுங்கைக்கு வந்தவர், எங்கள் எல்லோரையும்விட வேகமாகத் தமிழ் கதைப்பார். என்னை மட்டும் சிங்களத்தில் 'துவ', மகள், என்றுதான் கூப்பிடுவார்.

"அன்ரி, உங்கட வைஃபைக்கு என்ன பேர்?"

"உங்கட பேர்தான் துவே."

"எங்கட பேரா?"

"ஓம். போன மாசம் பூட்ட வந்தவன் என்ன பேர் போட எண்டு கேட்டான். பக்கத்து வீட்டுல என்ன இருக்கோ அதையே போடு, நம்பரும் முந்தி நீ தந்ததையே போடு எண்டன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஏன், பிழையா?"

"ஏன் அன்ரி அப்படிப் போட்டீங்க?"

"உங்கட அப்பா பின்னேரம் எங்கட படியிலதானே நிழலுக்கு இருந்து போன் பாக்கிறார். புதுப் பேர் வந்தா பாவம், அவருக்கு வாசிக்க ஏலாதே. இப்ப அங்கயும் வேலை செய்யுது, இங்கயும் வேலை செய்யுது. அவருக்குத் தெரியக்கூட இல்ல."

எங்களுடைய வைஃபைக்கு 'அப்பா வீடு' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தவள் நான். கடவுச்சொல் அவருடைய துறைமுகப் பாஸின் இலக்கம். அவர் மறக்காமல் அடிக்கக்கூடியது அது ஒன்றுதான். ஆக, ஒழுங்கையில் இப்போது இரண்டு 'அப்பா வீடு' இருந்தன. பெயர் ஒன்று, கடவுச்சொல் ஒன்று. இரண்டு ரவுட்டர்களும் ஒரே மாதிரியானவை என்பதால் ஒரே வரிசை இலக்கங்களைத்தான் கொடுத்தன. மேலே சுவரோரம் அன்ரியின் அலை பலமாக இருந்திருக்கிறது. என் லெப்டொப் அதைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டில் இருப்பதாகவே நினைத்திருக்கிறது. ஐந்தாம் இலக்கமும் ஒன்பதாம் இலக்கமும் வேறு வேறு ஒழுங்கைகளில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தன.

வாசிக்க ஏலாதே என்று அவர் சொன்னது நெஞ்சில் கொஞ்சம் குத்தியது. ஆனால் அவர் அதை, வெயில் அடிக்குதே என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். அவருடைய ரவுட்டரை அரை மணித்தியாலம் அணைக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். உள்ளறையில் அவருடைய மகள் ஒன்லைன் வகுப்பில் இருந்தாள். கேட்கவில்லை. "நல்லம் அன்ரி" என்று சொல்லிவிட்டு ஓடி வந்தேன்.

மூன்று நாற்பது. ரவுட்டரை மறுபடி போட்டேன். எங்கள் ரவுட்டரின் பெயரை மாற்றினால் போதும். அதற்கு ரவுட்டருக்குள் நுழையும் கடவுச்சொல் வேண்டும். அது அடியிலுள்ள ஸ்டிக்கரில் அச்சடித்திருக்கும். திருப்பிப் பார்த்தேன். ஸ்டிக்கர் வெள்ளையாக இருந்தது. ஓர் எழுத்துக்கூட மிச்சமில்லை.

"அதை அப்பா சனிக்கிழமை சனிக்கிழமை ஈரத்துணியால துடைக்கிறவர்" என்றார் அம்மா. "சுரூபத்தைத் துடைக்கேக்க அதையும் சேத்து."

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கலாம். நாலு மணிக்குள் இணையம் திரும்பி வராவிட்டால் அழைப்பே இல்லை. அப்போதுதான் அந்தக் கேபிள் நினைவுக்கு வந்தது. வைஃபை மாதிரிக் கேபிள் வீடு மாறாது. முதலாம் வருட ஆய்வுகூடத்தில் நான் என் கையால் செய்த முதல் கேபிள். எட்டு நிறக் கம்பிகளை வரிசைப்படுத்தி, நுனியை நசுக்கி, சோதிப்பானில் எட்டு வெளிச்சமும் எரிந்தபோது சத்தமாகச் சிரித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தேன். அதைப் பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். இரண்டு முழம் வரும்.

இரண்டு முழமென்றால், லெப்டொப் ரவுட்டரிலிருந்து இரண்டு முழத்துக்குள் இருக்கவேண்டும். சுரூபத்துக்குக் கீழே. கொடிக்கு முன்னால்.

கேபிளைப் பூட்டினேன். கீழ்க் கணினியைக் கூப்பிட்டேன். உடனே பதில் வந்தது. நாலு தரமும்.

மூன்று ஐம்பத்தைந்து. ஸ்டூலில் லெப்டொப்பை வைத்துக் கேமராவில் பார்த்தேன். சாரம் முழுதாகத் தெரிந்தது. நிமிர்ந்தால் அம்மா மேலேயிருந்து பெட்சீட்டை அவிழ்த்துக்கொண்டு வந்து நின்றார்.

"மகள், நான் பின்னால பிடிச்சுக்கொண்டு நிக்கட்டா? கை நோகாது எனக்கு."

இரண்டு கையையும் தூக்கிப் பிடித்தும் காட்டினார். பெட்சீட்டுக்கு மேலே நெற்றியும் கண்ணும் மட்டும் தெரிந்தன. ஒரு மணித்தியாலமும் அப்படியே நின்றிருப்பார். என்னுடைய பட்டத்துக்குப் பின்னால் அவர் அப்படித்தான் நின்றவர் என்று எனக்குத் திடீரென்று விளங்கியது. 

"வேண்டாம் அம்மா. கீழ போடுங்க அதை. நீங்க உங்கட வேலையப் பாருங்க."

அழைப்பு வந்தது. ஒரு பெண்ணும் ஓர் ஆணும். செய்து காட்டினேன். ஃபோல்டர் திறந்தது. கோப்பு போய் விழுந்தது. கீழ்க் கணினியின் திரையைக் கேமராவுக்குத் திருப்பிக் காட்டினேன்.

"எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

பத்து நிமிடம் என்று வாய் வரை வந்தது. "கிட்டத்தட்ட மூன்று மணித்தியாலம்" என்றேன். ஏன் என்று கேட்டார்கள். எறும்பைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அப்பா வந்தார். செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்திவிட்டு வருவார். சேர்ட்டில் மெழுகு மணத்தது. என் தலைக்குப் பின்னால் கையை நீட்டிக் கொடியிலிருந்த சாரத்தை எடுத்தார்.

"கதைக்கிறாங்களா?" என்று ஒழுங்கைக்கே கேட்கும்படி கேட்டார்.

அந்தப் பெண் சிரித்தார். "யார் அது?"

"அப்பா" என்றேன். "வைஃபை இவரின் பேரில்தான் இருக்கிறது."

"ஸ்டிக்கரைத் துடைச்சவரும் இவர்தானா?"

அப்பா திரைக்குக் கிட்டக் குனிந்தார். "தூசு பிடிக்கும்தானே மிஸ்."

இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். பிறகு அந்த ஆண், ஒரு வாடிக்கையாளர் வீட்டில் இதே பிரச்சினை வந்தால் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். ரவுட்டரை அணைத்துப் பார்ப்பேன், அதற்குப் பிறகும் இணையம் ஓடினால் பக்கத்து வீட்டுக்குப் போவேன் என்றேன். எழுதிக்கொண்டார். சொல்லி அனுப்புகிறோம் என்று அழைப்பு முடிந்தது.

இரவு சாப்பிடும்போது அப்பாவுக்கு விளங்கப்படுத்தினேன். "ரெண்டு வீட்டுக்கும் ஒரே பேர் அப்பா. எந்த வீட்டுல நிக்கிறதெண்டு லெப்டொப்புக்குத் தெரியேல்ல."

"தெரிஞ்சிருக்கும்" என்றார். "அங்க நிழல் நல்லம்."

வியாழக்கிழமை அழைத்தார்கள். திங்கள் வரச் சொன்னார்கள். அம்மா அகப்பையோடு ஒழுங்கைக்கு ஓடினார். நான் போனை வைக்க முதலே அன்ரிக்குத் தெரிந்துவிட்டது.

இப்போது எங்கள் ரவுட்டரை அழித்துப் புதுப்பெயர் வைக்க எனக்கு எவ்வளவோ நேரம் இருக்கிறது. வைக்கவில்லை. வேலைக்குப் போன முதல் கிழமையில் நீளமான கம்பி வாங்கிவந்து, இரண்டு நுனியையும் நானே நசுக்கி, மேலே வரை ஒரு கேபிள் இழுத்தேன். கிளிப்புகளைப் பல்லுக்குள் வைத்துக்கொண்டு, படிக்கு ஒன்றாக அப்பா சுவரில் அடித்தார். பதினொரு கிளிப்புகள். கடைசியை அடித்ததும் மேலே ஏறி வந்து பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் படிக்குப் போனார். நான் கீழ்க் கணினியைக் கூப்பிட்டேன். பதில் வந்தது. துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது. நான் விசையிலிருந்து விரலை எடுக்காமல், இரண்டாவது ஊதுமா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.