காந்தம் விட்டதும் வளைந்த கத்தி

கத்தி செய்வதுதான் தொழில் என்று வடசென்னையில் சொன்னால் யாரும் விலை கேட்பதில்லை. டீக்கடை பெஞ்சில் இரண்டடி தள்ளி உட்காருகிறார்கள். சமையல் கத்தி, மீன் வெட்டுகிற கத்தி என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அவர்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள்.

எங்கள் பட்டறை ராயபுரத்தில், ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. பத்தடிக்குப் பதினைந்தடி. நான் எண்ணூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபது வருடம் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தவன். கூட்டாளி டில்லி காசிமேட்டில் படகுகளுக்கு வெல்டிங் அடித்தவன். அவன் கண்ணால் பார்ப்பான், நான் தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டரால் பார்ப்பேன். இரண்டும் ஒரே பதிலைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. பெல்ட் கிரைண்டர் வைத்துக்கொண்டு கத்தி செய்யும் சக பாவிகளே, நீங்கள் பட்டது எனக்குத் தெரியும். நான் பட்டதைக் கேளுங்கள்.

ஒரு பக்கம் கருகல், ஒரு பக்கம் பச்சை

கஸ்தூரி அக்கா காசிமேட்டில் மீன் வெட்டித் தருபவர். கூட்டத்தில் ஆளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவர் தொண்டை போய்விட்டது. இப்போது அவர் பேசினால் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம்தான் வரும். இனிமேல் கூவக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மீன் சந்தையில் கூவாமல் எப்படி உட்கார்வது என்று டாக்டர் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு ஓட்டலில் ஆள் தேடினார்கள். தினமும் காலையில் போய் பின்பக்கம் உட்கார்ந்து வஞ்சிரம் துண்டு போட வேண்டும். கூவ வேண்டாம், பேசக்கூட வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, துண்டு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் மெல்லிசாகவும் ஒரு ஓரம் தடிப்பாகவும் இருந்தால், வறுக்கும்போது ஒன்று கருகும், இன்னொன்று பச்சையாக நிற்கும். அக்கா வெட்டினால் அப்படித்தான் வந்தது. கை சரி, கத்திதான் பக்கவாட்டில் இழுக்கிறது என்றார். அது எங்கள் கத்தி.

வாங்கி அளந்தேன். பிடிப் பக்கம் மூன்றரை மில்லிமீட்டர், முனைப் பக்கம் மூன்றுக்கும் கீழே. குற்றவாளியைக் கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷம் எனக்கு. கையால் தேய்த்தால் இப்படித்தான் ஆகும், இதற்கு ஒரு சாதனம் வேண்டும் என்று அறிவித்தேன். டில்லி பீடியை அணைத்துவிட்டுச் சொன்னான்: "மீனு இன்னா, மைக்ரோமீட்டர் வச்சிகினா உக்காந்துகீது, நைனா?"

பன் வெட்டிய கதை

கையால் ஒரு இரும்புப் பட்டையை, சுற்றுகிற உப்புத்தாள் பெல்ட்டில் அழுத்திச் சமமாகத் தேய்ப்பது எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஓரம் கரையும், நடு மேடாக நிற்கும், விரல் நுனி வேகும். அதற்காகத்தான் சர்ஃபேஸ் கிரைண்டிங் அட்டாச்மென்ட். தண்டவாளம் மாதிரி இரண்டு கம்பி, அதன் மேல் முன்னும் பின்னும் ஓடும் ஒரு பலகை, பலகையில் காந்தம். கத்தியைக் காந்தத்தில் ஒட்டி, பெல்ட் சுற்றும் சக்கரத்துக்கு எதிரே தள்ளித் தள்ளி இழுக்க வேண்டும். திருகைத் திருகினால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முன்னால் நகரும். காந்தத்தைப் பேசின் பிரிட்ஜ் பக்கம் ஒரு காயலான் கடையில் பிடித்தோம். மீதியை டில்லி வெல்டிங் அடித்தான். இவ்வளவு நீளப் பெயரை வாயில் வைத்துக்கொள்ள முடியாது என்று அதற்கு 'வண்டி' என்று பெயரும் வைத்தான்.

முதல் வேலை, திருவொற்றியூரிலிருந்து ஒரு சமையல்காரர் கொண்டுவந்த எவர்சில்வர் பட்டை. வண்டியில் வைத்தேன், ஒட்டிக்கொண்டது. சில ரக எவர்சில்வரைக் காந்தம் பிடிக்காது என்பது தரம் பார்க்கும் பிரிவில் முதல் நாளே சொல்லித் தரும் பாடம். பட்டை நின்றது காந்தத்தால் இல்லை, அதிலிருந்த எண்ணெய்ப் பிசுக்கால். மோட்டாரைப் போட்டதும் பட்டை என் காதோரமாகப் பறந்து, வாசலைத் தாண்டி, எதிர் டீக்கடையின் பன் கூடையில் போய்க் குத்தி நின்றது. யார் மேலும் படவில்லை. டீ மாஸ்டர் பட்டையைப் பன்னோடு கொண்டுவந்து என்னிடம் நீட்டினார்: "பன்னு கட் பண்ணித் தாங்கன்னு நான் கேக்கவே இல்லியேபா."

கோடு போட்ட கத்தி

அடுத்து கோடு. பெல்ட்டின் இரண்டு முனையையும் சேர்த்து ஒட்டிய இடத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். பெல்ட் ஒவ்வொரு சுற்று சுற்றும்போதும் அந்த மேடு கத்தியில் ஒரு தட்டு தட்டும். தேய்த்து முடித்தால் கத்தி முழுக்க ஒரே இடைவெளியில் மெல்லிய குறுக்குக் கோடுகள். ஜன்னல் பக்கம் திருப்பினால் பளிச்சென்று தெரியும். நான்கு பெல்ட் மாற்றினேன், திருகைக் குறைத்தேன், வேகத்தைக் குறைத்தேன். கோடு மட்டும் குறையவில்லை.

அந்த வாரம் கம்ப்யூட்டர் கம்பெனி ஆள் ஒருவர் சமையல் கத்தி வாங்க வந்தார். கோட்டைப் பார்த்ததும் கண் விரிந்தது. இரண்டு இரும்பை மடித்து மடித்து அடிப்பார்களே, அந்த வேலையா என்று கேட்டார். டில்லி "ஆமா" என்பதற்கு வாயைத் திறந்துவிட்டான். நான் குறுக்கே புகுந்து, இல்லை சார், இது பெல்ட் ஒட்டின இடம் தட்டுகிற தழும்பு, குறை என்று உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்து, கைவேலைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று கத்தியை வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து சொன்னது: "அடுத்த கத்தில கோடு கொஞ்சம் ஜாஸ்தியா போடுங்க சார், இதுல கம்மியா இருக்கு."

எல்லா இடத்திலும் மூன்று

கோடு ஒருவழியாக அடங்கியதும் கஸ்தூரி அக்காவுக்குக் கத்தி செய்தேன். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கிய பட்டையை வண்டியில் ஒட்டி ஒரு பக்கம், திருப்பி மறு பக்கம். பன்னிரண்டு இடத்தில் அளந்தேன். பன்னிரண்டிலும் மூன்று மில்லிமீட்டர், முடி அளவு வித்தியாசம் இல்லை. இருபது வருட உத்தியோகத்தில் இப்படி ஒரு அளவு வந்ததில்லை. டில்லி கூர் வைத்துப் பிடி போட்டான். நான் ஒரு அட்டையில் பன்னிரண்டு அளவையும் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு, கத்தியோடு சேர்த்துக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டதை நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

வியாழக்கிழமை அக்கா திரும்பி வந்தார். ஒரு பொட்டலத்தைப் பிரித்து இரண்டு துண்டு வஞ்சிரத்தை என் மேஜையில் வைத்தார். ஒரு ஓரம் விரல் தடிப்பு, மறு ஓரம் அதில் பாதி. ஓட்டல் மேனேஜர் எல்லோர் முன்னாலும் துண்டுகளைத் தூக்கிக் காட்டினாராம். பிறகு மனசு கேட்காமல், திங்கட்கிழமை கடைசியாக ஒரு தடவை வந்து பார் என்றாராம். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டுவதற்கு அவருக்குக் குரல் இல்லை, எனக்கு அதுதான் இன்னும் வலித்தது. என் அட்டையை இடுப்பிலிருந்து எடுத்துப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்: "நீ அளந்தது கரீட்டாத்தாம்பா இருக்கும். அந்த மேனேஜருக்குத்தான் தெரியல."

பிடித்திருக்கும் வரை

அக்கா போனதும் அவர் விட்டுப்போன கத்தியை மறுபடி அளந்தேன். மூன்று, மூன்று, மூன்று. டில்லி கத்தியைப் பிடுங்கி, ஒரு கண்ணை மூடி, முதுகுப் பக்கத்தைத் துப்பாக்கி மாதிரி குறி பார்த்தான். பிறகு என் கையில் கொடுத்து அதே மாதிரி பார்க்கச் சொன்னான். பார்த்தேன். கத்தி வாழைப்பழமாக வளைந்திருந்தது. தடிமன் எல்லா இடத்திலும் மூன்றுதான். வளைந்த வாழைப்பழத்துக்கும் தடிமன் சரியாகவே இருக்கும். இருபது வருடம் தடிமனை அளந்தவன், ஒரு தடவைகூட நீட்டிப் பிடித்துப் பார்க்கவில்லை.

கத்தியை மறுபடி வண்டியில் வைத்தேன். 'டக்'கென்று ஒட்டியது, நூல் பிடித்த மாதிரி நேர். இழுத்து எடுத்தேன், பழையபடி வளைவு. அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. எண்ணெயில் முக்கும்போதே பட்டை வளைந்துவிடுகிறது. காந்தம் அதை அமுக்கி நேராக்கிக் காட்டுகிறது. நான் அந்தப் பொய் நேரில் வைத்து இரண்டு பக்கமும் தேய்த்து, வளைவை அப்படியே மிச்சம் வைத்திருக்கிறேன். டில்லிக்கு இதில் ஆச்சரியமே இல்லை: "போலீஸ் புடிச்சிகினு இருக்கசொல்ல எவன்தான் நைனா நேரா நிக்க மாட்டான்? வுட்டுப் பாரு, அப்பால தெரியும்."

டிக்கெட்

நோய் தெரிந்தால் மருந்து சுலபம் என்று நினைத்தேன். பட்டையைக் கவிழ்த்து வைத்தால் நடுவில் காந்தத்துக்கும் இரும்புக்கும் இடையே ஒரு சந்து தெரியும். அந்தச் சந்தைச் சரியாக நிரப்பிவிட்டால் காந்தம் அமுக்க முடியாது. வளைவு வளைவாகவே நிற்கும், மேட்டைப் பார்த்துத் தேய்க்கலாம். ஒரு பக்கம் நேரானதும், திருப்பி வைத்து மறு பக்கம். சந்து அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கீழே. எதை வைப்பது? செய்தித்தாள் தண்ணீர் பட்டால் கூழ். அட்டை ஒரே தடிமனாக இல்லை, என் கையெழுத்துப் போட்ட அட்டை உட்பட.

சனிக்கிழமை மத்தியானம் கஸ்தூரி அக்கா வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். புதுப் பட்டை கடினமாக்கித் தயாராக இருந்தது, அதுவும் வளைந்துதான் இருந்தது. நான் தாள் தாளாக அளந்து எறிவதைப் பார்த்துவிட்டு, அக்கா சுருக்குப்பையைத் துழாவி ஒரு பஸ் டிக்கெட்டை நீட்டினார். பெண்களுக்குத் தரும் இலவச டிக்கெட். அளந்தேன், மில்லிமீட்டரில் நூறில் ஆறு பங்கு. நான்கு மூலையிலும் அதே ஆறு. தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன், கூழாகவில்லை. ஏழு டிக்கெட் வைத்தால் சந்து நிரம்பும். பையில் மூன்றுதான் இருந்தது. டில்லி செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடி, இறங்குகிறவர்களிடம் எல்லாம் கையேந்தி ஒரு கைப்பிடி கொண்டுவந்தான்.

நடுவில் ஏழு, இரண்டு பக்கமும் நான்கு நான்கு. எந்த இடம் தேய்கிறது என்று தெரிய, பட்டை மேல் மார்க்கரால் குறுக்காகக் கோடு போட்டேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேய்த்தேன். சூடானால் மறுபடி வளையும் என்று ஒவ்வொரு தடவையும் தண்ணீரில் முக்கி எடுத்தேன். முதலில் நடுக் கோடு அழிந்தது, பிறகு அதன் இரண்டு பக்கமும், கடைசியில் நுனி. திருப்பி மறு பக்கமும் முடித்துக் காந்தத்திலிருந்து எடுத்தேன். மைக்ரோமீட்டரைத் தொடவில்லை. ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தேன். நேராக இருந்தது. டில்லியும் பார்த்தான், கூர் வைக்க எடுத்துக்கொண்டு போனான். அக்கா நனைந்த டிக்கெட்டை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்: "ஓசி டிக்கெட்டுன்னு அந்த கண்டக்டர் மூஞ்ச சுளிச்சான்பா. வந்து பாக்க சொல்லு அவன."

திங்கட்கிழமை

அன்றைக்குக் காலை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு பட்டையை எடுப்பேன், வைப்பேன். டில்லி நான்காவது டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனும் சந்து முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான், கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டான். பன்னிரண்டு மணிக்கு அக்கா வந்தார். முகத்தைப் பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒரு பொட்டலத்தைப் பிரித்து, அதே மேஜையில், அதே இடத்தில் இரண்டு துண்டு வஞ்சிரத்தை வைத்து, அளந்து பார் என்று சைகை காட்டினார்.

வெர்னியர் அளவுகோலை எடுத்து அளந்தேன். மேல் ஓரம், கீழ் ஓரம், நடு. வாழ்க்கையில் நான் எவ்வளவோ அளந்திருக்கிறேன், மீனை அளந்தது அன்றைக்குத்தான். மூன்று இடத்திலும் சமம். மேனேஜர் ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நாளை ஆறு மணிக்கு வந்துவிடு என்று மட்டும் சொன்னாராம். ஓட்டல் பின்பக்கம் அக்காவுக்கென்று ஒரு மேஜை, தலைக்கு மேல் தகரம், பக்கத்தில் குழாய். டில்லி துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மோட்டாரைத் துடைக்க ஆரம்பித்தான். எனக்குக் கண் கலங்கியது, பழியை இரும்புத் தூள் மேல் போட்டேன். அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து, வழக்கத்தைவிட மெதுவாக, யாருக்கும் கேட்க வேண்டிய அவசியமில்லாத குரலில் சொன்னார்: "காலைலேர்ந்து ஒரு வாட்டி கூட கூவலபா."

ஆக, இருபது வருடம் மைக்ரோமீட்டர் பிடித்த அனுபவத்தில் நான் கற்றுக்கொண்டது, பட்டறைக்கு யார் வந்தாலும் "இன்னா வேணும்?" என்று கேட்பதற்கு முன்னால் "பஸ்லயா வந்தீங்க?" என்று கேட்டு, டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான்.